அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் – சாப்பாடுதான் காரணம் என்கிறார்களே, உண்மையா?

ஜன்னலோரம் எழுதியது:

வணக்கம். அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்சியில் உறுதியாகிவிட்டது. வயது 46, மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. சிகிச்சையைப் பற்றிக் கேட்க இங்கே வரவில்லை, அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

என் தலைவலி வேறு. பார்க்க வருகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். பாலில் ஹார்மோன் இருக்கிறது, அதுதான் என்கிறார் ஒருவர். சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி, ஒரு ஸ்பூன்கூட உள்ளே போகக்கூடாது என்கிறார் இன்னொருவர். சோயா பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாதாம். பெரியம்மா ஒருவர் வந்து உட்கார்ந்து, "கண்டதையும் சாப்பிட்டால் இப்படித்தான்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அப்போது அக்கா கையில் பால் டம்ளர் இருந்தது. பதில் எதுவும் சொல்லவில்லை, டம்ளரை மேசையில் வைத்து விரலால் மெதுவாகத் தள்ளிவிட்டாள். அதிலிருந்து பாலைத் தொடுவதில்லை, தயிரும் வேண்டாம் என்கிறாள், எதைக் கொண்டுபோய் வைத்தாலும் "இது சாப்பிடலாமா" என்று என்னையே கேட்கிறாள், எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சாப்பாட்டுக்கும் இந்த நோய்க்கும் நிஜமாகவே எவ்வளவு சம்பந்தம்? "புற்றுநோயை விரட்டும் 10 அற்புத உணவுகள்" வகைப் பதில் வேண்டாம், படித்துப் படித்துச் சலித்துவிட்டது. அப்புறம் எனக்கு 39 வயது, கூடப்பிறந்தவளுக்கு வந்திருப்பதால் எனக்கும் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். நான் இப்போதே எதையாவது மாற்ற வேண்டுமா? அசைவம் சாப்பிடுவேன், நண்பர்களோடு சேர்ந்தால் ஒயின் உண்டு, கடந்த சில வருடங்களில் எடையும் ஏறியிருக்கிறது. பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

---

உப்புக்கல் எழுதியது:

புற்றுநோய்ப் பிரிவில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். உங்கள் பெரியம்மாவைப் போன்றவர்களை அடிக்கடி பார்க்கிறேன், கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணுக்கு வந்த மார்பகப் புற்றுநோய்க்கு அவர் சாப்பிட்ட இன்ன பொருள்தான் காரணம் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த நோய் வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு, பெண்ணாக இருப்பதையும் 40 வயதைத் தாண்டியதையும் தவிர வேறு குறிப்பிட்ட காரணி எதுவும் கிடையாது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. அதனால் அக்கா பாலைத் தாராளமாகக் குடிக்கட்டும்.

சரி, சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் ஜனங்கள் தேடுகிற இடத்தில் இல்லை. பாலையும் சோயாவையும் போட்டு உருட்டிக்கொண்டிருப்பார்கள், கண்ணெதிரே இருக்கிற மதுவைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்க மாட்டார். சாப்பிடுவது, குடிப்பது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் மார்பகப் புற்றுநோயோடு மிக உறுதியாக முடிச்சுப் போடப்பட்டிருப்பது அதுதான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988லேயே மதுபானங்களை முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில், வைத்துவிட்டது. பீர், ஒயின், பிராந்தி என்று இதில் பேதமில்லை, உள்ளே போகிற ஆல்கஹால் எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. தினம் 10 கிராம் கூடினால் அபாயம் சுமார் 7 முதல் 10 சதவீதம் கூடுகிறது. சாதாரண அளவு கிளாஸ் ஒயின் ஒன்றிலேயே அதைவிடக் கொஞ்சம் அதிகம் இருக்கும். உடம்பு ஆல்கஹாலை உடைக்கும்போது வருகிற அசிட்டால்டிஹைடு செல்லின் டிஎன்ஏவைக் கெடுக்கிறது, போதாததற்கு மது ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் அளவையும் ஏற்றுகிறது. "ஒயின் இதயத்துக்கு நல்லது" என்ற பேச்சை நம்பி தினம் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொள்கிற பெண்களிடம் இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். எப்போதோ ஒரு விருந்தில் குடிப்பதற்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டாம், அது வாராந்திரப் பழக்கமாகவோ தினசரிப் பழக்கமாகவோ மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியோடு விட்டுவிட்டால் ரொம்ப நல்லது.

அடுத்தது எடை. இதில் ஒரு வேடிக்கை உண்டு, அதனால்தான் பலர் குழம்புகிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு கூடுதல் எடை மார்பகப் புற்றுநோய் அபாயத்தை ஏற்றுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. நிற்பதற்கு முன்னால் அதே எடை அபாயத்தைக் குறைப்பதுபோலத்தான் ஆய்வுகளில் தெரிகிறது! உடனே "அப்படியானால் 50 வரை ஜாலியாகச் சாப்பிடலாமா" என்று கேட்காதீர்கள், 30களில் ஏறிய எடை 50இல் தானாகக் கழன்று விழுவதில்லை. நடக்கிற சங்கதி இதுதான். மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். அப்புறம் உடம்புக்குக் கிடைக்கிற ஈஸ்ட்ரோஜனில் பெரும்பகுதி கொழுப்புத் திசுவிலிருந்துதான் வருகிறது, அங்கே அரோமடேஸ் என்ற நொதி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். கொழுப்பு அதிகம் என்றால் ஈஸ்ட்ரோஜனும் அதிகம். மாதவிடாய் நின்ற நோயாளிகளுக்குக் கொடுக்கிற லெட்ரோசோல் மாத்திரை அந்த அரோமடேஸைத்தான் முடக்குகிறது, அதிலிருந்தே இந்த வழி எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ளலாம்.

மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் அடுத்தபடிதான். நார்ச்சத்து நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு அபாயம் கொஞ்சம் குறைவு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது, சுமார் 8 சதவீதம். காய்கறி, பழம், முழுதானியம், பயறு வகைகள் சாப்பிடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பதப்படுத்திய இறைச்சியைக் குறைப்பது நல்லது, ஆனால் அது முக்கியமாகப் பெருங்குடல் புற்றுநோய்க்காக, மார்பகத்தைப் பொறுத்தவரை சான்று பலவீனம். பாலுக்கு எதிராகவும் உறுதியான சான்று இல்லை, மாதவிடாய் நிற்கும் முன் வருகிற வகையில் பால் பொருட்கள் லேசாகக் காப்பாற்றக்கூடும் என்றுதான் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் 2018 அறிக்கை சொல்கிறது. அதுவும் "குறைந்த சான்று" என்ற பட்டியலில்தான்.

---

எண்கணக்கன் எழுதியது:

உப்புக்கல் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சதவீதத்தைக் கேட்டதும் பலர் அரண்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் கணக்கு.

"7 சதவீதம் கூடும்" என்றால் 100 பேரில் 7 பேருக்குக் கூடுதலாக வரும் என்று அர்த்தம் இல்லை. ஏற்கெனவே இருக்கிற அபாயம் அவ்வளவு பங்கு கூடுகிறது, அவ்வளவுதான். பிரிட்டனில் 12 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2009இல் வந்தது. தினமும் கூடுதலாக ஒரு டிரிங்க், அதாவது 10 கிராம் ஆல்கஹால், தொடர்ந்து குடித்தால் வளர்ந்த நாடுகளில் 1000 பெண்களுக்கு 75 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் சுமார் 11 கூடும் என்று அதில் கணக்கிட்டார்கள். ஆயிரத்தில் பதினொன்று. தனி ஒருத்திக்கு இது சின்ன எண், ஆனால் கோடிக்கணக்கான பெண்கள் குடிக்கிற உலகத்தில் சின்னது இல்லை. உங்கள் கிளாஸைப் பற்றி நீங்கள் முடிவெடுக்க அந்த ஆயிரத்தில் பதினொன்று போதும்.

இன்னொன்று, சாப்பாட்டு ஆய்வுகள் ஏன் இப்படி ஒன்றுக்கொன்று அடித்துக்கொள்கின்றன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பெரும்பாலான ஆய்வுகள் ஒரு கேள்வித்தாளை நம்பித்தான் நடக்கின்றன. "கடந்த 12 மாதங்களில் தக்காளி எத்தனை முறை சாப்பிட்டீர்கள்? மாதம் ஒரு முறைக்கும் குறைவு, வாரம் 2 முதல் 4 முறை, தினம் ஒரு முறை..." இப்படியே பக்கம் பக்கமாகப் போகும், ஒரு சாமான் விடாமல். அப்படி ஒன்றை நிரப்ப உட்கார்ந்து முதல் பக்கத்திலேயே கதை கட்ட ஆரம்பித்துவிட்டேன். நேற்று ராத்திரி சாப்பிட்டதே சரியாக நினைவில்லாத ஆள் போன வருடத்துத் தக்காளியை எப்படி எண்ணுவது? அதுவும் புற்றுநோய் வந்த பிறகு ஒருவரிடம் இதைக் கேட்டால், அவர் ஏற்கெனவே "நான் எதைத் தின்று தொலைத்தேன்" என்று யோசித்து யோசித்து மாய்ந்திருப்பார், கொழுப்பும் இனிப்பும் கூடுதலாகவே நினைவுக்கு வரும்.

கொழுப்பு விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். 1975இல் புரூஸ் ஆம்ஸ்ட்ராங்கும் ரிச்சர்ட் டாலும் பல நாடுகளின் கணக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். எந்த நாட்டில் தலைக்குக் கொழுப்பு அதிகமோ அங்கே மார்பகப் புற்றுநோயும் அதிகமாக இருந்தது, படத்தில் போட்டுப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பொருத்தம். ஆனால் கொழுப்பு அதிகம் சாப்பிடுகிற பணக்கார நாடுகளில் பெண்கள் சீக்கிரம் பூப்படைகிறார்கள், குழந்தை பெறுவது தாமதமாகிறது, பெறுவதும் ஒன்றிரண்டு, தாய்ப்பால் கொடுக்கிற காலமும் குறைவு. இதெல்லாமே அபாயத்தை ஏற்றுகிறவை. இதில் கொழுப்பின் பங்கை எப்படிப் பிரித்தெடுப்பது?

அதைப் பிரித்துப் பார்க்கத்தான் அமெரிக்காவில் மகளிர் ஆரோக்கிய முன்னெடுப்பு என்ற பிரம்மாண்டமான பரிசோதனையை நடத்தினார்கள். மாதவிடாய் நின்ற 48,835 பெண்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டு குழு, ஒரு குழுவுக்கு மட்டும் கொழுப்பைக் குறைக்கப் பயிற்சி. மொத்தக் கலோரியில் 20 சதவீதத்துக்குக் கொழுப்பைக் கொண்டுவருவது இலக்கு. முதல் வருடத்தில் 24க்கு வந்தார்கள், ஆறாம் வருடத்தில் 29க்கு ஏறிவிட்டது. (மனுஷ ஜாதி!) சுமார் 8 வருடம் கழித்து 2006இல் முடிவு வந்தபோது கொழுப்பைக் குறைத்த குழுவில் மார்பகப் புற்றுநோய் 9 சதவீதம் குறைவு. ஆனால் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று சொல்லிவிடக்கூடிய எல்லைக்குள்தான் இருந்தது. அதே பெண்களை 20 வருடத்துக்கு நெருக்கமாகத் தொடர்ந்து பார்த்ததில், மார்பகப் புற்றுநோயால் இறப்பது அந்தக் குழுவில் 21 சதவீதம் குறைவாக இருந்தது தெரிந்தது. அவர்கள் கொழுப்பை மட்டும் குறைக்கவில்லை, காய்கறியும் பழமும் தானியமும் கூட்டினார்கள், எடையும் கொஞ்சம் இறங்கியது, எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இவ்வளவு செலவு செய்து இவ்வளவு பேரை வைத்து நடத்திய பரிசோதனையிலேயே நிலைமை இதுதான். அப்படியிருக்க, வாட்ஸப்பில் வந்த படத்தைக் காட்டி "பால்தான் காரணம்" என்று ஒருவர் எப்படி அடித்துச் சொல்கிறார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

---

பச்சைஇலை எழுதியது:

மேலே எழுதியவர்கள் சர்க்கரையை ஒரு வார்த்தை சொல்லாமல் நைசாகத் தாண்டிவிட்டார்கள். புற்றுநோய் செல் சர்க்கரையைத் தின்றுதான் வளர்கிறது, இதைக் கண்டுபிடித்த வார்பர்க்குக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள். பெட் ஸ்கேன் எடுக்கும்போது என்ன செய்கிறார்கள்? சர்க்கரையை ஊசியில் ஏற்றுகிறார்கள், கட்டி இருக்கிற இடம் பளிச்சென்று எரிகிறது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? பெட்ரோலை நிறுத்தினால் வண்டி நிற்கும். சர்க்கரை, தானியம், பழம் மூன்றையும் நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாகும். மருந்து கம்பெனிகளுக்கு இதில் லாபம் இல்லை, அதனால் சொல்ல மாட்டார்கள்.

---

எண்கணக்கன் எழுதியது:

பச்சைஇலை, நீங்கள் சொன்ன தகவல்களில் பாதி சரி, சிக்கலே அதுதான். ஓட்டோ வார்பர்க் 1920களில் பார்த்தது உண்மை, புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அள்ளி அள்ளி எடுத்து, ஆக்ஸிஜன் இருந்தாலும் அதைப் புளிக்கவைக்கிற வழியில் செலவழிக்கின்றன. 1931இல் நோபல் பரிசு கிடைத்ததும் உண்மை, ஆனால் அது செல் சுவாசத்தில் வேலை செய்கிற நொதியைப் பற்றிய ஆய்வுக்காக. பெட் ஸ்கேனில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த குளுக்கோஸ் மாதிரியான ஒரு பொருள், அதுவும் சரி. அதே படத்தில் மூளையைப் பாருங்கள், அதுவும்தான் பளிச்சென்று தெரியும். மூளையும் குளுக்கோஸைத்தான் தின்கிறது.

"நிறுத்தினால் சாகும்" என்று அங்கிருந்து தாவுகிறீர்களே, அங்கேதான் கோளாறு. நீங்கள் ஒரு பருக்கை மாவுச்சத்துகூடச் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் புரதத்திலிருந்தும் கொழுப்பின் கிளிசராலில் இருந்தும் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கட்டி பட்டினி கிடக்காது, நோயாளிதான் தசை கரைந்து துரும்பாவார். கீமோ போய்க்கொண்டிருக்கிற ஒருவருக்குத் தானியத்தையும் பழத்தையும் நிறுத்தச் சொல்வது விளையாட்டு இல்லை, தயவுசெய்து இங்கே அந்த யோசனையை வைக்காதீர்கள்.

இனிப்புப் பானமும் பலகாரமும் ஓயாமல் உள்ளே போனால் எடை ஏறும், இன்சுலின் ஏறும், அந்த வழியில் அபாயம் ஏறலாம். இதை யாரும் மறுக்கவில்லை. அதற்கும் காபியில் போடுகிற ஒரு ஸ்பூனைப் பார்த்து நடுங்குவதற்கும் வெகுதூரம்.

---

மறுபடியும்_நான் எழுதியது:

எனக்கு இந்த நோய் வந்து சிகிச்சை முடிந்து இப்போது டமாக்சிஃபென் (ஈஸ்ட்ரோஜன் மார்பகச் செல்லில் வேலை செய்யாமல் தடுக்கிற மருந்து) மாத்திரையில் இருக்கிறேன். ஆய்வெல்லாம் மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள், அக்கா பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

ஜன்னலோரம், அந்த டம்ளரைத் தள்ளிவிட்டது எனக்கு நன்றாகப் புரிகிறது. நோய் தெரிந்த நாளிலிருந்து மனசு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால், அது நம் மேலேயே பழி போடுகிற காரணமாக இருந்தாலும், ஒரு பிடிமானம் மாதிரி இருக்கும், இதை நிறுத்திவிட்டால் திரும்ப வராது என்று நம்பலாம் அல்லவா? அதனால் "இது காரணமில்லை" என்று நீங்கள் ஒரு தடவை சொன்னால் போதாது. ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் டாக்டர்) வாயால் சொல்லவையுங்கள். அடுத்த தடவை போகும்போது, "டாக்டர், இவள் பால் குடிக்கலாமா, சோயா சாப்பிடலாமா" என்று அவள் எதிரிலேயே கேளுங்கள். என் விஷயத்தில் அதுதான் வேலை செய்தது, என் தங்கை தொண்டை வறளச் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை, டாக்டர் ஒரே வரியில் சொன்னது ஏறியது.

சோயாவைப் பற்றி நான் நிறையப் பயந்திருக்கிறேன், ஏனென்றால் எனக்கு வந்தது ஈஸ்ட்ரோஜனால் வளர்கிற வகை. சோயாவில் இருக்கிற ஐசோஃபிளேவோன் ஈஸ்ட்ரோஜன் சாயலில் இருப்பதால்தான் இந்தப் பயமே கிளம்பியது. ஆனால் நம் உடம்பின் ஈஸ்ட்ரோஜனோடு ஒப்பிட்டால் அதன் பலம் மிகக் குறைவு, ஒட்டிக்கொள்வதும் பெரும்பாலும் வேறு வகை ஏற்பியில் (செல்லில் ஹார்மோன் ஒட்டுகிற இடம்). ஷாங்காயில் இந்த நோய் வந்து பிழைத்த 5,042 பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தது, டமாக்சிஃபென் எடுத்தவர்களிலும் கெடுதல் தெரியவில்லை. நான் இப்போது சாப்பிடுகிறேன். சோயாவிலிருந்து பிரித்தெடுத்து மாத்திரையாக விற்கிறார்களே, அதை மட்டும் தொடுவதில்லை, டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

கீமோ சமயத்துச் சாப்பாடு தனிக் கதை. அபாயம் எவ்வளவு குறையும் என்ற ஆராய்ச்சி எல்லாம் அப்போது வேண்டாம், உள்ளே போனால் போதும். எனக்கு எஃகு ஸ்பூனை வாயில் வைத்தாலே துருப்பிடித்த ஆணியை நக்குவதுபோல இருக்கும், பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு மாறியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சூடாக இருந்தால் வாசனை குமட்டும், அதனால் ஆறவைத்துச் சாப்பிட்டேன். ஒரே தடவையில் தட்டு நிறைய வைக்காதீர்கள், பார்த்ததுமே வெறுத்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று புரதம் எந்த ரூபத்தில் இறங்கினாலும் சரி. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் எல்லாம் நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும், பச்சை முட்டை, பாதி வெந்த இறைச்சி கூடாது.

அப்புறம் பெரியம்மா. வரட்டும், பார்த்துவிட்டுப் போகட்டும். சாப்பாட்டுப் பேச்சு ஆரம்பித்தால் நீங்கள் பேச்சை மாற்றுங்கள், முடியாவிட்டால் அவரை அடுத்த அறைக்குக் கூட்டிப்போய் நேராகவே சொல்லிவிடுங்கள். அக்காவால் அதைச் செய்ய முடியாது, அவளுக்குத் தெம்பு இல்லை.

---

ஜன்னலோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் வாயால் சொல்லவைக்கிற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, அடுத்த கீமோவுக்குப் போகும்போது கட்டாயம் கேட்கிறேன்.

இன்னும் இரண்டு. ஒருவர் அக்காவுக்கென்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஆளிவிதைப் பொடி, மஞ்சளிலிருந்து எடுத்த மாத்திரை, ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எழுதிய ஒரு டப்பா, தினம் காலையில் காய்கறிச் சாறு குடிக்க ஒரு அட்டவணையும். கொடுக்கலாமா? என் விஷயத்துக்கும் யாராவது வாருங்கள். எடையைக் குறைத்து ஒயினை விட்டுவிட்டால் நான் பயமில்லாமல் இருக்கலாமா?

---

உப்புக்கல் எழுதியது:

டப்பாவையும் மஞ்சள் மாத்திரையையும் எடுத்து வைத்துவிடுங்கள், ஆன்காலஜிஸ்ட் பார்க்காமல் ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. சமையலில் போடுகிற மஞ்சள் வேறு, மாத்திரையில் அடைத்த செறிவு வேறு. அந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, கீமோ மருந்துகள் பலவற்றைச் செரித்து வெளியேற்றுவதும் கல்லீரல்தான். ஆன்டிஆக்ஸிடன்ட் என்றால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கும் இடமில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கிற 29,133 ஆண்களை வைத்து நடந்த பரிசோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் கூடியது, 1994இல் அந்த முடிவு வந்தபோது துறையே ஆடிப்போனது. காய்கறியில் இருக்கிற அதே சத்தை உருவியெடுத்து மாத்திரையாக்கினால் அதே பலன் கிடைக்கும் என்று நினைத்ததற்குக் கிடைத்த அடி அது.

ஆளிவிதைப் பொடியை உணவில் ஒரு ஸ்பூன் தூவினால் பெரிய விஷயம் இல்லை, ஆனால் வயிற்றுப்போக்கு இருக்கிற நாட்களில் வேண்டாம். காய்கறிச் சாறு அட்டவணையைப் பொறுத்தவரை, 2007இல் முடிவு வெளியான ஒரு பரிசோதனை ஞாபகம் வருகிறது. சிகிச்சை முடித்த 3,088 பெண்கள், ஒரு பாதிப்பேருக்குத் தினம் ஐந்து பங்கு காய்கறி, மூன்று பங்கு பழம், அதோடு காய்கறிச் சாறு, குறைந்த கொழுப்பு என்று கடுமையான திட்டம். 7 வருடத்துக்கு மேல் பார்த்தும், வழக்கமான ஆலோசனை மட்டும் கிடைத்தவர்களைவிட அவர்களுக்கு நோய் திரும்புவது குறையவில்லை. அதனால் காலையில் சாறு இறங்கவில்லை என்று அக்காவைத் திட்டாதீர்கள். பிடித்தால் குடிக்கட்டும். ஒரு டம்ளர் சாறு வயிற்றை நிரப்பி, அதனால் காலைச் சாப்பாடு இறங்காமல் போகிறது என்றால் சாறு வேண்டாம், சாப்பாடுதான் வேண்டும்.

இப்போது உங்களுக்கு. "பயமில்லாமல் இருக்கலாமா" என்றால், இல்லை என்றுதான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ வந்திருந்தால் ஒரு பெண்ணின் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, இதை எந்தச் சாப்பாடும் அழித்துவிடாது. எடையையும் மதுவையும் குறைக்கச் சொல்வது உங்கள் கையில் இருக்கிற பங்கு அது என்பதால்தான். அதோடு உடற்பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எடை இறங்காவிட்டாலும் அதற்குத் தனியாகப் பலன் உண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை என்பதை ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம். தட்டில் எதைத் தள்ளுவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிற நேரத்தில் பாதியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு வந்த வயதுக்கு 10 வருடம் முன்பே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ஆரம்பிக்கச் சொல்கிற மருத்துவர்கள் பலர். அந்தக் கணக்கில் உங்களுக்கு 36, அது ஏற்கெனவே தாண்டிவிட்டது.

அக்காவுக்கு 50 வயதுக்குள் வந்திருப்பதால் பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். முதலில் அக்காவுக்குத்தான் எடுப்பார்கள், அவளுக்கு மாற்றம் இருந்தால் மட்டும் அந்த ஒன்றை உங்களுக்குத் தேடிப் பார்ப்பார்கள். மொத்த மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் இப்படிப் பரம்பரையாக வருவது, ஆனாலும் பி.ஆர்.சி.ஏ. மாற்றம் இருந்தால் கண்காணிப்பே முற்றிலும் வேறு மாதிரி, வருடாவருடம் எம்.ஆர்.ஐ. வரை போகும். போகும்போது அக்காவின் பயாப்சி அறிக்கை நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) என்று கட்டி எந்த வகை எனக் காட்டுகிற மூன்று வரி அதில் இருக்கும், உங்கள் டாக்டர் முதலில் கேட்பதே அதுவாகத்தான் இருக்கும்.